எனக்கு அளவெடுத்த கோட்

கிளப் லயம்,
அம்பிட்டிய.
8.3.1978

அன்புள்ள நளீர்,

நீ கொழும்புக்குப் போய் ஒரு கிழமையாகிவிட்டது. ஒரு வரி எழுதக் கையில்லையா? றலியா சாச்சியின் சோற்றுக் கோப்பையை விட்டு எழும்ப உனக்கு நேரமில்லை என்று நினைக்கிறேன். கவனம். பயிற்சி முகாமில் காலையில் ஓட விடுவார்களாம்.

நுவரெலியாவில் நடந்த கோல்ஃப் தேர்வுப் போட்டியில் நான் முதலாவதாக வந்த கதை கண்டி வரை போய்விட்டது. அப்பா கிளப் மைதானத்தில் புல் வெட்டும் மெசினைத் தள்ளிக்கொண்டு போனால் முந்தியெல்லாம் “பொன்னையா, அந்தப் பக்கம் போ” என்று கையை ஆட்டுகிற துரைமார் இப்போது நின்று மகனைப் பற்றி விசாரிக்கிறார்கள். அப்பா அதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூன்று தரம் சொல்கிறார். மூன்றாம் தரம் சொல்லும்போது துரைமாரின் தொகை கூடிவிடுகிறது.

கோலாலம்பூர் இளைஞர் அணிப் போட்டிக்கு நாட்டுக்கு மூன்று பேர், மேலதிகமாக ஒருவர். உன் மட்டைகளை இரவல் வாங்கிப் பழகிய நான் முதலாவது, மட்டைக்குச் சொந்தக்காரனான நீ நாலாவது. நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே மச்சான். மைதானம் மூடியிருக்கிற திங்கட்கிழமைகளில் நீ உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்திராவிட்டால் நான் இன்றைக்கும் மற்றவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டுதான் திரிவேன். அது எனக்கு மறக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்போட் எடுக்கப் பிரஜாவுரிமை வேண்டும். எங்களுக்கு அது இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா பிறந்ததும் இங்கேதான், நான் பிறந்ததும் இங்கேதான். இருந்தாலும் பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் அப்பா இலங்கைக்கும் எழுதிப் போட்டார், பயத்தில் இந்தியாவுக்கும் எழுதிப் போட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் செய்த வேலைதான். இந்தியாவிலிருந்து பதில் வந்து இரண்டு வருடமாகிறது. பாஸ்போட் தயாராம். வருகிற ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குள் கண்டியில் இருக்கிற இந்தியத் தூதரகக் கந்தோருக்கு வந்து எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ரத்தாம். அதை எடுத்தால் இங்கே கேட்டது செல்லாது. இலங்கையோ பத்து வருடமாக வாய் திறக்கவில்லை. அப்பா இந்தியக் கடுதாசியைத் தகரப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, இங்கேயிருந்து வரும் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

இப்போது கிளப் செக்ரட்டரி ஐயா கொழும்பில் பிரஜாவுரிமை கொடுக்கிற அமைச்சுக்கு ஒரு கடிதம் அடித்துக் கொடுத்திருக்கிறார். இந்தப் பையன் நாட்டுக்காக விளையாடப் போகிறான், தகப்பனுடைய விண்ணப்பத்தை முன்னுக்கு எடுத்துப் பாருங்கள் என்று எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்தும் வைத்துவிட்டார். பதிவுத் தபாலில் போடச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். தபாலில் போகிற கடிதம் மேசைக்கு அடியில் போய்விடும், பெரிய மனுசர் ஒருவர் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கந்தோரில் அசைவார்கள் என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. உன் வாப்பா செவ்வாய்க்கிழமை தோறும் கடைச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகிறவர். கிளப் கமிட்டியிலும் இருக்கிறார். நேற்று விடிய கட்டுகஸ்தோட்டைக்குப் போய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கும் யோசிக்காமல் போகச் சொன்னார். செக்ரட்டரி ஐயா வெள்ளிக்கிழமை லண்டனுக்குப் போகிறார், மகளிடம். ஜூனில்தான் திரும்புவாராம். நல்ல வேளை, அதற்கு முன்னால் கடிதம் கிடைத்தது.

கண்டியில் அணிக் கோட்டுக்கு என்னை அளவெடுத்தார்கள். கருநீலத் துணி, நெஞ்சில் சிங்கச் சின்னம். தையற்காரர் என் கையை நீட்டச் சொல்லி அளந்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். பை தூக்கித் தூக்கி நீண்டது என்றேன்.

இந்த அலைச்சல் முடிந்ததும் சீக்கிரம் வந்து சேருகிறேன். எனக்கும் ஒரு பாய் விரித்து வை.

உன்
ராஜலிங்கம்


றலியா சாச்சி வீடு,
தெமட்டகொட.
15.3.1978

அன்பின் ராஜா,

சாச்சியின் சோற்றைப் பற்றிக் கதைக்காதே. நான் இங்கே ஓடுகிற ஓட்டத்துக்கு அவர் மூன்று கோப்பை போட்டாலும் காணாது.

அணியில் இருக்கிற மற்ற இரண்டு பேரும் கொழும்புப் பையன்கள். ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் வாயில் வராது. உன்னைப் பற்றிக் கேட்டார்கள். பெரிய தேயிலைத் தோட்டத்துக்காரர் மகன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் ஒன்றும் திருத்தவில்லை. நீ வந்து அடிக்கும்போது அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

போட்டி நடக்கிற விதத்தைப் பயிற்சியாளர் விளங்கப்படுத்தினார். நாலு நாள். ஒவ்வொரு நாளும் மூன்று பேர் விளையாட வேண்டும், ஆனால் அன்றைக்குக் குறைந்த அடியில் முடித்த இரண்டு பேருடைய தொகையைத்தான் நாட்டுக்குச் சேர்ப்பார்கள். மூன்றாவது ஆளுடையதைக் கழித்துவிடுவார்கள். ஒருவனுக்குக் கெட்ட நாள் வந்தாலும் அணி தப்பித்துக்கொள்ளும். நீ இருந்தால் உன்னுடையது நாலு நாளும் சேரும் என்று சொன்னார். நான் பந்து பொறுக்குகிறேன்.

வாப்பா நேற்று வந்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். “அது குடுத்தாச்சி” என்றார். நுவரெலியாவிலிருந்து வந்த நாள் தொட்டு அவருக்கு என்னோடு முகம் சரியில்லை. கிளப்பில் யாரோ கேலி பண்ணியிருக்கிறார்களாம், பளீல் முதலாளி வாங்கிக் கொடுத்த மட்டையால் பொன்னையா மகன் ஜெயித்துவிட்டான் என்று. அந்தக் கமிட்டிக் கதிரையில் உட்கார அவர் எத்தனை வருடம் அலைந்தார் என்பது உனக்குத் தெரியும்தானே. அதை விடு.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி விமானம். ஏழாம் தேதிக்குள் பாஸ்போட் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பாய் விரித்திருக்கிறேன். வா.

நளீர்


கிளப் லயம்,
அம்பிட்டிய.
29.3.1978

அன்புள்ள நளீர்,

நேற்று அப்பாவும் நானும் கொழும்புக்கு வந்து போனோம். உன்னை வந்து பார்க்க நேரமில்லை. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அமைச்சுக் கந்தோரில் காலை எட்டரைக்கு வரிசையில் நின்றோம். பின்னேரம் இரண்டரைக்கு ஒரு கிளாக்கர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனுசன். சிங்களத்தில் மெதுவாகப் பேசினார், அப்பாவுக்குக் கதிரை கொடுத்தார். அப்பாவுடைய பைலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பத்து வருடத்துக்குப் பிறகு நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம். தூசு தட்டினார். உள்ளே அப்பாவின் கைநாட்டு இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, முறை வரவில்லை, அவ்வளவுதான் என்றார். கிளப் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். வந்த கடிதங்களை எழுதுகிற புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மார்ச் ஏழாம் தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அப்படி ஒரு கடிதம் அங்கே வரவில்லை.

அந்த மாதிரி ஒரு கடிதம் கையில் இருந்தால் மேலே காட்டி இரண்டு நாளில் பைலை நகர்த்தலாம், வெறும் கையோடு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அடுத்த கிழமை முதல் இரண்டு நாளுக்குள் கொண்டுவந்தாலும் பார்ப்பதாகச் சொன்னார்.

செக்ரட்டரி ஐயா லண்டனில். இன்னொன்று எழுதித் தரக் கிளப்பில் ஆளில்லை. ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வாப்பா அதை யார் கையில் கொடுத்தார்? பெயர் வேண்டாம், எந்த மாடி, எந்த அறை என்று சொன்னால் போதும். நான் மறுபடியும் வந்து அந்த ஆளின் காலில் விழுந்தாவது எடுத்துக்கொள்வேன். இன்றைக்கே உன் வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். ஒரு தரம் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள், ஒரு தரம் படுத்திருக்கிறார் என்றார்கள்.

ரயிலில் அப்பா ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து வந்தார். பேராதனை தாண்டும்போது, “கதிர குடுத்தாருல்ல” என்றார். அவ்வளவுதான்.

உடனே பதில் போடு.

ராஜலிங்கம்


தெமட்டகொட.
3.4.1978

அன்பின் ராஜா,

உன் கடிதம் கிடைத்தது. நேற்று உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இன்று விடியவே திரும்ப வேண்டியிருந்ததால் அம்பிட்டியவுக்கு வர முடியவில்லை.

வாப்பாவிடம் கேட்டேன். கந்தோர்களில் கடிதங்கள் தவறுவது புதினமில்லை என்கிறார். யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்குச் சரியாக ஞாபகமில்லை.

இன்றைக்குப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், உன்னுடையது சரிவராவிட்டால் உன் இடத்துக்கு நான் போக வேண்டுமாம். கோட் வந்துவிட்டது. புதிதாகத் தைக்க நேரமில்லை என்று உன்னுடையதையே போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கை நீளம். விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிகிறது.

நீ போகாதே என்று சொன்னால் நான் போகவில்லை ராஜா. உண்மையாகச் சொல்கிறேன். ஒரு வரி எழுது.

நளீர்


அம்பிட்டிய.
6.4.1978

நளீர்,

நல்ல தந்திரம். நான் போகாதே என்று எழுத வேண்டும், நீ தியாகி ஆக வேண்டும். அல்லது நான் போ என்று எழுத வேண்டும், நீ அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக விமானம் ஏற வேண்டும். சரி, இரண்டாவதையே எழுதுகிறேன். போ.

போகிறவன் ஒழுங்காக விளையாடிவிட்டு வா. பந்தை அடிக்க முன்னமே அது எங்கே போகிறதென்று பார்க்க நீ நிமிர்ந்துவிடுகிறாய். இடது தோளும் சேர்ந்து திறந்துகொள்கிறது. எத்தனை திங்கட்கிழமை சொல்லியிருப்பேன். தலையைக் குனிந்து வைத்திரு. ஒன்று இரண்டு என்று மனதுக்குள் எண்ணிவிட்டுப் பிறகு நிமிர். அங்கே மழை பெய்தால் புல் கனக்கும். குழியைத் தாண்டிப் போகிற மாதிரி உருட்டு, பயப்படாதே.

அப்பா நேற்று நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கண்டிக்குப் போய் வந்தார். எதற்கு என்று இப்போது எழுத எனக்கு மனமில்லை.

கைநீளத்தை உள்பக்கமாக மடித்துத் தைக்கச் சொல். வெட்டிவிடாதே.

ராஜலிங்கம்

யார் கையில் கொடுத்தார் என்பதை அவர் நினைத்துப் பார்த்துச் சொன்னால் நல்லது. போட்டிக்காக இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.


கோலாலம்பூர்.
15.4.1978

அன்பின் ராஜா,

போட்டி நேற்றோடு முடிந்தது. உங்கள் வருசப் பிறப்பன்று. பன்னிரண்டு நாட்டில் நாங்கள் பதினோராவது.

என்னுடைய கதையைக் கேள். முதல் நாள் எண்பத்தாறு அடி. எங்கள் மூன்று பேரில் நான்தான் கடைசி, கழித்துவிட்டார்கள். பரவாயில்லை, முதல் நாள்தானே என்றார் பயிற்சியாளர். இரண்டாம் நாள் எண்பத்தைந்து, கழித்தார்கள். மூன்றாம் நாள் மழை. நீ சொன்னபடி எண்ணினேன். பத்துக் குழி வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு நிமிர்ந்துவிட்டேன். எண்பத்தொன்பது. நாலாம் நாள் தொகையைக் கேட்காதே. அதையும் கழித்தார்கள்.

நாலு நாளும் பெரிய பலகையில் எல்லாருடைய தொகையையும் எழுதுவார்கள். சேராததைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். என் பெயருக்கு நேரே நாலு வட்டம் இருக்கிறது. நான் கட்டுகஸ்தோட்டையில் படுத்துக் கிடந்திருந்தாலும் நாட்டுக்கு இதே பதினோராம் இடம்தான். ஒரு ஜப்பான்காரப் பையன் என்னிடம் வந்து என் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். மடிப்புப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நீ இருந்திருந்தால் என்று நான் எழுத மாட்டேன். அது உனக்கே தெரியும்.

உனக்கு ஒரு பெட்டி பந்து வாங்கியிருக்கிறேன். வந்து தருகிறேன்.

நளீர்


கட்டுகஸ்தோட்டை.
9.8.1978

அன்பின் ராஜா,

நாலு மாதம். ஐந்து தரம் வந்துவிட்டேன். நான் வரும்போதெல்லாம் நீ விறகுக்குப் போயிருக்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாய். நேற்று உன் அம்மா வேலாயிதான் கதவைத் திறந்தார். தேத்தண்ணி தந்தார். நீ உள்ளே இருந்தாய். உன் செருப்பு வாசலில் கிடந்தது. நான் பந்துப் பெட்டியை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமைகளில் நீ மைதானத்துக்கும் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஏன் ராஜா? என் மேல் கோபம் என்றால் என்னை அடி. விளையாட்டை ஏன் விடுகிறாய்? அடுத்த வருடமும் தேர்வு இருக்கிறது.

நீங்கள் இந்தியாவுக்குப் போகிறீர்கள் என்று கிளப்பில் கதைக்கிறார்கள். அது பொய்தானே?

நளீர்


அம்பிட்டிய.
4.2.1979

நளீர்,

பொய்யில்லை. வருகிற திங்கட்கிழமை கண்டியிலிருந்து ரயில். தலைமன்னாரில் கப்பல், அந்தப் பக்கம் ராமேஸ்வரம். பிறகு எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. அப்பா, அம்மா, நான். அக்கா இராஜகுமாரி கம்பளையில் நின்றுவிடுகிறாள். அத்தானுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அவளுக்கு இது ஏழாம் மாதம்.

கிளப்பில் அப்பாவுக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். வாசலுக்கு வெளியேதான், ஆனாலும் விருந்து. உன் வாப்பா மாலை போட்டார். அப்பா அழுதுவிட்டார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன்.

பந்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்கவில்லை.

ஸ்டேசனுக்கு வராதே. அங்கே ஒப்பாரிதான் நடக்கும். உனக்குப் பார்க்கச் சரிப்படாது.

ராஜலிங்கம்


கட்டுகஸ்தோட்டை.
17.1.1982

அன்பின் ராஜா,

கம்பளைக்குப் போய் இராஜகுமாரி அக்காவிடம் உன் விலாசத்தை வாங்கினேன். தர மனமில்லாமல்தான் தந்தார்.

வாப்பா மௌத்தாகி இன்றோடு நாற்பத்தொரு நாள். அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். நல்ல மகன் இல்லையா.

நீ இரண்டு தரம் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். அவர் அதை யார் கையிலும் கொடுக்கவில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஏப்ரல் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நான் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். அலுமாரியில் வாப்பாவின் சட்டைகளுக்குக் கீழே என் பாஸ்போட் இருந்தது. அதை எடுக்கும்போது அந்தக் கடித உறை கையில் பட்டது. கிளப் முத்திரை, அமைச்சின் விலாசம். ஒட்டியபடியே இருந்தது. முன்னறைக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் ரேடியோவை நிற்பாட்டவில்லை. “ஒனக்கு ஒரு எடம் வந்தீக்கி மகன். அவனுக்கு நாடில்லாதது என்ட குத்தமா?” என்றார். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? உறையை எடுத்துக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைத்தேன். அதற்கு மேல் சட்டைகளை ஒழுங்காக அடுக்கினேன்.

உன் கடிதம் அப்போது என் பையில்தான் இருந்தது. அடுத்த கிழமை முதல் இரண்டு நாளுக்குள் கொண்டுவந்தால் போதும் என்று கிளாக்கர் சொன்னதாக எழுதியிருந்தாய். மறுநாள் காலை நான் கொழும்புக்குத்தான் போனேன். அந்தக் கந்தோருக்கு முன்னால்தான் பஸ் நின்றது. கையில் கொண்டுபோயிருக்கலாம். நான் போக ஆசைப்பட்டேன் ராஜா. ஒரு தரமாவது உன்னைத் தாண்டிப் போக ஆசைப்பட்டேன். வாப்பாவைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவர் மூன்றரைக் கிழமை வைத்திருந்தார், நான் மூன்று நாள் வைத்திருந்தேன். என்னுடையதுதான் பெரிது.

அந்த நாலு வட்டம் எனக்குத் தண்டனையாகக் காணாது. நான் இப்போது விளையாடுவதில்லை. கடையைப் பார்க்கிறேன்.

துணி எடுக்கத் திருச்சிக்குப் போகிற ஒருவரிடம் அந்தக் கோட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். அங்கேயிருந்து கூடலூருக்கும் அவருக்கு வேலை இருக்கிறதாம். மடிப்பைப் பிரித்துவிட்டேன். உன்னிடமிருந்து நான் எடுத்தது அந்த நாலு நாளைத்தான். அதைத் திருப்பித் தர முடியாது. கோட்டையாவது வைத்துக்கொள். மன்னிப்பாயா என்று கேட்க வாய் வரவில்லை. பதில் மட்டும் போடு, ஏசியாவது போடு.

நளீர்


கூடலூர்,
நீலகிரி.
21.3.1982

நளீர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. கோட் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நீ கணக்குத் தப்பாகப் போட்டிருக்கிறாய். உனக்கு எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாலு நாளைத்தான் எடுத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டு அதற்காக வருந்திக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சரியான தொகையைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

இந்தியக் கடுதாசியின் கடைசித் தேதி ஏப்ரல் ஐந்து என்று உனக்கு எழுதியிருந்தேன். அப்பா இரண்டு வருடமாக அந்தப் பாஸ்போட்டை எடுக்காமல் தட்டிக்கொண்டே வந்தார். இலங்கைக்காரன் ஒரு நாள் பதில் போடுவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் கிளாக்கர் பைலைக் காட்டிய பிறகு நம்பிக்கை இன்னும் கூடியது. கடிதம் வந்து சேர்ந்தால் பைல் நகரும் என்று அந்த மனுசன் சொன்னாரே. ஏப்ரல் மூன்றாம் தேதி முழுக்க அப்பா வேலைக்குப் போகாமல் தபால்காரனுக்காக ரோட்டில் நின்றார். நாலாம் தேதியும் நின்றார். அன்று மாலை வந்து அம்மாவிடம் சொன்னார், “நாட்டுக்காக வெளையாடுற பயலுக்கே பதிலு இல்லேன்னா, புல்லு வெட்றவனுக்கு என்னா பதிலு வரப்போவுது.” ஐந்தாம் தேதி காலை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கண்டிக்குப் போய் மூன்று பேருக்கும் கைநாட்டு வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தோடு இலங்கையில் கேட்டது செத்தது. அந்த மூன்று நாளும் கடிதம் உன் வாப்பாவுடைய சட்டைக்குக் கீழே இருந்தது, நீ அதைப் பார்த்துவிட்டு மேலே அடுக்கினாய்.

போட்டியை நான் எப்போதோ மறந்துவிட்டேன். போட்டி யாருக்கு வேண்டும்?

இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. எங்களுக்குப் பெயர் சிலோன்காரன். அங்கே இருக்கும்போது இந்தியாக்காரன், இங்கே வந்தால் சிலோன்காரன். அப்பாவுக்கு இங்கத்தைக் குளிரில் நெஞ்சு சரியில்லை. அக்காவுக்கு இரண்டாவது பிள்ளையும் நடக்கத் தொடங்கிவிட்டதாம். அம்மா ஒன்றையும் கையில் தூக்கவில்லை. போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊட்டியில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். வந்து மூன்று வருடத்தில் நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பளீல் முதலாளி இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அவர் இரவுச் சோறு தின்னவில்லை. தனக்கு மாலை போட்ட ஒரே பெரிய மனுசன் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதையும் பிடுங்கி நான் என்ன செய்ய? ஆக, உங்கள் இரண்டு பேருடைய ரகசியத்தையும் இனி நானும் காக்க வேண்டும். உன்னால் எனக்கு வந்த கடைசி வேலை இது. இதற்காகத்தான் உன்மேல் எனக்கு அதிகம் கோபம்.

மன்னிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

கோட்டைப் போட்டுப் பார்த்தேன். தோள் சரி, கையும் சரி, மணிக்கட்டில் வந்து நிற்கிறது. நாலு வருடம் கழித்தும் அப்படியே பொருந்துகிறது. அந்தத் தையற்காரர் இரண்டு தரம் அளந்தது வீண் போகவில்லை. நல்ல கனத் துணி. காலையில் மலைக்குப் போகும்போது போட்டுக்கொள்வேன், அல்லது அப்பாவுக்குக் கொடுப்பேன். நெஞ்சில் இருந்த சிங்கத்தை மட்டும் பிளேடால் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டேன். துணி கிழியவில்லை. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அது உங்கள் நாட்டுடையது.

கோட்டைக் கொண்டுவந்தவர் நல்ல மனுசர்தான். அடுத்த கிழமை திரும்பிப் போகிறாராம், பதில் இருந்தால் தானே கொண்டுபோய் உன் கையில் கொடுப்பதாகச் சொன்னார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். இதைப் பதிவுத் தபாலில் போடுகிறேன்.

பொ. ராஜலிங்கம்